யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை யார் தந்தது?

கிளிநொச்சியிலிருந்து கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை சிறிமாவோ தந்தார் என்று அப்பப்பா சொல்கிறார். இல்லை, சேர் பொன். இராமநாதன் கட்டியது என்று மாமா அடித்துச் சொல்கிறார். திறப்பு விழாவை எங்களுடைய ஆட்களே புறக்கணித்தார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். எது சரி? வகுப்பு தொடங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்."

தம்பி, மூன்றும் சரி. வேறு யாரோ முன்பே கிணறு வெட்டி, மரம் வைத்து, மதிலும் கட்டியிருந்த வளவு அது. அரசு பின்னர் வந்து பெயர்ப்பலகையை மாட்டிச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. பெயர்ப்பலகைக்கும் மதிப்பு உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வளவின் கதையை விட்டுவிட்டுப் பலகையின் கதையை மட்டும் சொன்னால் இந்தப் பல்கலைக்கழகம் ஏன் இத்தனை அடிகளுக்குப் பிறகும் நின்றது என்பது விளங்காது.

வட்டுக்கோட்டையிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க மிஷனரிமார் அங்கே 1823 இல் ஒரு செமினரியை நிறுவினார்கள். முதல் அதிபர் டானியல் பூவர். கணிதம், வானியல், தமிழ் இலக்கியம், ஆங்கிலம் எல்லாம் உயர்நிலையில் கற்பிக்கப்பட்டன. 1855 இல் அது மூடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பட்டதாரிகள் என்று இருவரை அறிவித்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற அந்த இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் ஏட்டுச்சுவடிகளைத் தேடித்தேடிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்ததைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். மூடிய செமினரி இருந்த இடத்தில் 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பிற்காலத்தில் அங்கே லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கு மாணவர்களைத் தயார்செய்யும் பட்டதாரிப் பிரிவு ஒன்று நடந்தது. ஆய்வுகூடம், நூலகம், பழகிய ஆசிரியர்கள் என எல்லாம் அங்கே இருந்தன. இதை நினைவில் வைத்திருங்கள், மீண்டும் வட்டுக்கோட்டைக்கு வருவேன்.

இனி மாமாவின் கட்சி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்காக இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். 1921 இல் திருநெல்வேலியில் ஆண்களுக்காகப் பரமேஸ்வராக் கல்லூரி வந்தது. இராமநாதனை நான் முழு மனதோடு கொண்டாடுபவன் அல்லன். எல்லோருக்கும் வாக்குரிமை கொடுக்கக்கூடாது என்று வாதாடியவர் அவர், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தன் சொத்தைக் கொட்டிச் சைவப் பிள்ளைகளுக்கு மிஷன் பாடசாலைகளுக்கு நிகரான கல்லூரிகளை எழுப்பினார் என்பதும் அதே மனிதரின் கதைதான். இன்று நீங்கள் பரமேஸ்வராச் சந்தியில் இறங்கிப் பல்கலைக்கழகத்துக்கு நடப்பீர்கள். அந்தச் சந்தியின் பெயர் அந்தக் கல்லூரியின் பெயர். வளாகத்துக்குள் கோபுரத்தோடு நிற்கும் பரமேஸ்வரன் கோயிலும் அந்தக் காலத்தது. பரீட்சை நாள்களில் அங்கே வரிசையாகக் கழற்றி விடப்பட்டிருக்கும் செருப்புகளைப் பார்த்தால், எந்தப் பீடத்துக்கு அன்று கடினமான தாள் என்று ஊகித்துவிடலாம்.

அப்படியென்றால் அரசு ஏன், எப்படி உள்ளே வந்தது? இங்கேதான் அப்பப்பாவின் கதையும் புறக்கணிப்பின் கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

தமிழருக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை 1950களிலேயே எழுந்துவிட்டது. 1959 இல் வித்தியோதய, வித்தியாலங்கார ஆகிய இரண்டு பிரிவெனாக்களும் (பௌத்த பிக்குகளின் கல்விக்கூடங்கள்) பல்கலைக்கழகங்களாக்கப்பட்டபோது, தமிழர் பக்கத்தில் அந்தக் கோரிக்கை இன்னும் உரத்தது. ஆனால் எங்கே அமைப்பது என்பதில் நம்மவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. தமிழரசுக் கட்சி திருகோணமலையைக் கேட்டது. வடக்குக்கும் கிழக்குக்கும் பொதுவான இடம் என்பது அவர்கள் வாதம். யாழ்ப்பாணத்திலேதான் வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். திருகோணமலை வாதத்தில் நியாயம் நிறைய இருந்தது என்பது என் எண்ணம். அன்று அது நிறைவேறியிருந்தால் கிழக்கின் வரலாறு கொஞ்சமாவது வேறாக இருந்திருக்கும். இடம் பற்றிய இந்த இழுபறியில் ஆண்டுகள் ஓடின.

பிறகு வந்தது தரப்படுத்தல். 1970 இல் ஆட்சிக்கு வந்த அரசு பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாக வெட்டுப்புள்ளிகளை வைத்தது. மருத்துவத்துக்கு 400 புள்ளிகளில் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவை, சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதும் என்ற நிலை வந்தது. தொடர்ந்து மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. மாவட்ட முறையால் உங்கள் கிளிநொச்சி போன்ற பின்தங்கிய பகுதிகளின் தமிழ்ப் பிள்ளைகளும் பிற்காலத்தில் பயன்பெற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பலர் இதைச் சொல்ல விரும்புவதில்லை. ஆனால் மொழியைப் பார்த்துப் புள்ளி வைத்ததற்கு எந்த நியாயமும் கிடையாது. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தும் வீட்டில் இருந்த ஒரு தலைமுறை அதை மறக்கவே இல்லை.

1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. இறுதி நாளான 10 ஆம் திகதி, வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் கூடியிருந்த மக்கள் மீது பொலிசார் பாய்ந்தார்கள், உயிர்கள் பறிபோயின. அந்தக் காயம் ஆறாத அதே ஆண்டு, ஓகஸ்ட் 1 முதல், யாழ்ப்பாண வளாகம் அமைவதாக அரசு அறிவித்தது. ஒக்டோபர் 6 ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வந்து திறந்துவைத்தார். தமிழர் கூட்டணியினர் விழாவைப் புறக்கணித்தார்கள். மாநாட்டில் மக்கள் இறந்ததற்குப் பொறுப்புச் சொல்லாத அரசு, திருகோணமலைக் கோரிக்கையையும் ஓரங்கட்டிவிட்டு, யாழ்ப்பாணத்துக்கு மிட்டாய் கொடுத்து வாயை மூடுகிறது என்று கருதினார்கள். பேராதனையிலும் கொழும்பிலும் தமிழ் மாணவருக்கான கதவை மேலும் சாத்துவதற்கு இது சாட்டாகிவிடும் என்ற பயமும் இருந்தது. அந்தச் சந்தேகங்கள் வீம்பில் பிறந்தவை அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று திறக்கப்பட்டது தனிப் பல்கலைக்கழகம் அல்ல. 1972 ஆம் ஆண்டின் சட்டம் நாட்டில் இருந்த எல்லாப் பல்கலைக்கழகங்களையும் 'இலங்கைப் பல்கலைக்கழகம்' என்ற ஒன்றுக்குள் அடக்கி, ஒவ்வொன்றையும் வளாகமாக்கியிருந்தது. யாழ்ப்பாணம் அவற்றில் ஆறாவது. துணைவேந்தர் கொழும்பில் இருப்பார், இங்கே இருப்பவர் வளாகத் தலைவர். நம்மவர்கள் இன்றும் 'கம்பஸ்' என்றே சொல்வது அந்தக் காலத்து மிச்சம்தான்.

முதல் வளாகத் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. பதவியேற்றபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. கோலாலம்பூரில் பிறந்து, பேராதனையில் படித்து, தினகரன் ஆசிரியராக இருந்து, பின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மார்க்சியர். அரசோடு நின்றவர் என்று அன்றைக்கு அவரைத் தூற்றியவர்கள் ஏராளம். என் கணக்கில், அவர் அந்தப் பொறுப்பை ஏற்காமல் ஒதுங்கியிருந்தால் வளாகம் பெயரளவிலேயே நின்றிருக்கும். கையில் இருந்ததைக் கொண்டே வேலையைத் தொடங்கினார். கலைத்துறை வகுப்புகள் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் நடந்தன. விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் அந்தப் பட்டதாரிப் பிரிவு இருந்த இடத்தில் நடந்தன. 1978 இல்தான் விஞ்ஞானம் திருநெல்வேலிக்கு வந்தது. சைவக் கல்லூரி ஒன்றும் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றும் இடம் கொடுக்க, மார்க்சியர் ஒருவர் தலைமை தாங்க உருவானது நம் பல்கலைக்கழகம். 1975 டிசம்பரில் மருதனார்மடத்தில் இருந்த இராமநாதன் இசைக் கழகமும் இதனோடு இணைந்தது. இன்று இசையும் நடனமும் சித்திரமும் பட்டப் படிப்பாக இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

அந்த ஆரம்ப ஆண்டுகளில் சிங்கள மாணவர்களும் இங்கே படித்தார்கள் என்பதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்புவதில்லை. உண்மைதான். 1977 ஓகஸ்ட் கலவரத்தை அடுத்து அவர்கள் வெளியேறினார்கள். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல், போர் முடியும்வரை, அந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்தது.

1978 ஓகஸ்டில் மருத்துவ பீடம் தொடங்கியது. அதே ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ், 1979 ஜனவரி 1 முதல் வளாகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக, தனக்கென மூதவையும் பேரவையும் கொண்ட நிறுவனமாக ஆனது. முதல் துணைவேந்தர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். கூத்தைப் படிக்காதவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய காலத்தில் அதைப் பேராதனை மேடையில் ஏற்றியவர். 1974 மாநாட்டை முன்னின்று நடத்தியவர். அந்த மாநாட்டில் மக்களோடு நின்றவரே, அரசு தொடங்கிய வளாகத்தைப் பல்கலைக்கழகமாக நடத்தினார். உங்கள் அப்பப்பாவும் மாமாவும் போடும் வாதத்துக்கு இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையே விடை சொல்லும்.

இன்னும் கொஞ்சம் 1980களின் முற்பகுதியில் நிற்க விரும்புகிறேன். இந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவுவாழ்க்கை மிகவும் செழித்திருந்த காலம் அதுதான். கைலாசபதி 1982 டிசம்பரில் காலமாகும்வரை தமிழ்த்துறையில் இருந்தார். கார்த்திகேசு சிவத்தம்பி, அ. சண்முகதாஸ், எம். ஏ. நுஃமான் போன்றவர்கள் ஒரே காலத்தில் கற்பித்தார்கள். வரலாற்றுத்துறையில் கா. இந்திரபாலா இருந்தார். 1980 இல் ஆனைக்கோட்டையில் மணல்மேடு ஒன்றை வெட்டி லொறிகளில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பழைய மட்பாண்டத் துண்டுகள் வெளிப்பட்டன. பல்கலைக்கழகக் குழு போய் முறையாக அகழ்ந்தது. பெருங்கற்கால ஈமப் புதைவுகளும் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்றும் கிடைத்தன. குடாநாட்டின் ஆதிகாலம் பற்றி அதுவரை செவிவழிக் கதைகளையும் யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூலையும் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து கையில் எடுத்துக் காட்ட ஒரு சான்று வந்தது. ஊரில் பல்கலைக்கழகம் ஒன்று இருந்ததால்தான் அந்த லொறிகள் நின்றன. இல்லாவிட்டால் அந்த மேடு முழுவதும் பள்ளம் நிரப்பப் போயிருக்கும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதன் பிறகு ஆய்வு செய்ய நினைத்தவர்களுக்குப் பல்கலைக்கழக நூலகமே பெரிய போக்கிடமானது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தெற்குப் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்ப அஞ்சிய தமிழ் மாணவர்கள் இங்கே இடம் கேட்டு 1984 ஜனவரியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தைப் பல்கலைக்கழகக் கலாசாரக் குழு க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் மேடையேற்றியது. அரங்குக்குள் இருந்து அழுதவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள்.

அடுத்த பகுதியை எழுதுவது கடினம், ஆனாலும் நீங்கள் அறிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். 1987 ஒக்டோபரில் இந்தியப் படையின் ஹெலிகொப்டர்கள் இரவில் பல்கலைக்கழக மைதானத்தில் வீரர்களை இறக்கின. விடியும்போது அங்கே இறங்கிய சீக்கிய அணியில் ஒரே ஒருவர் மட்டுமே உயிரோடிருந்தார். பத்து நாள்களின் பின், மருத்துவ மாணவர்கள் பயிலும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் இந்தியப் படை புகுந்து வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சுட்டது. 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். எந்தத் தரப்பு செய்தாலும் மனித உரிமை மீறல் மீறலே என்று எழுதிவைத்தவர் அவர். அரங்கியல் மாணவியும் கவிஞருமான செல்வி 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகளால் கைதுசெய்யப்பட்டார், திரும்பி வரவில்லை. பல்கலைக்கழக வரலாறு என்று பேசும்போது அரசு செய்த கொடுமைகளை மட்டும் வரிசைப்படுத்தி, உள்ளே இருந்து வந்தவற்றை விழுங்கிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது அந்த இரண்டு பெண்களுக்கும் செய்யும் அநியாயம்.

1988 இல் துணைவேந்தராக வந்தவர் பேராசிரியர் அ. துரைராஜா. மண் பொறியியலில் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்பவர்களோடு சேர்ந்து 1963 இல் அவர் எழுதிய களிமண் பற்றிய கட்டுரையை அந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். உலகத்தின் எந்தப் பல்கலைக்கழகமும் அவரை வரவேற்றிருக்கும். அவர் யாழ்ப்பாணத்திலேயே இருந்து சைக்கிளில் போய்வந்தார். 1994 இல் மறைந்தார்.

1990 இல் மின்சாரம் போனது, பொருளாதாரத் தடை வந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, அதன்மேல் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் கோத்த மெல்லிய திரியை ஏற்றுவோம். போத்தலே சிமினியாக நின்று காற்றைத் தடுக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஒரு பாடத்தின் குறிப்பு முழுவதையும் பிரதிபண்ணிவிடலாம், ஆனால் காலையில் மூக்குக்குள் கரி இருக்கும். நாளிதழ்கள்கூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான நாள்கள் அவை. வெளிமாவட்ட மாணவர்கள் கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்து வந்தார்கள்; அந்தப் பாதையில் பலர் கொல்லப்பட்டார்கள். அப்படியிருந்தும் விரிவுரை நடந்தது, பரீட்சை நடந்தது. ஒரு பட்டத்துக்கு எடுத்த ஆண்டுகள்தாம் நீண்டுகொண்டே போயின.

உங்கள் ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில்தான் தொடங்கியது. போர் அதைத் துரத்தியது. போர் முடிந்த பிறகு அறிவியல் நகருக்குத் திரும்பியது, கூடவே பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் அங்கே எழுந்தன. வவுனியாவில் 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1997 இல் நம்முடைய வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது. யாழ்ப்பாண வளாகம் பிறந்ததும் ஓகஸ்ட் 1 தான்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இராணுவம் முன்னேறி வர, யாழ் நகரைச் சூழ்ந்த வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழுந்து செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. பல்கலைக்கழகமும் அந்தச் சனத்துக்குள்தான் நடந்தது. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். பல துறைகளின் கோவைகளும் ஆய்வுப் பிரதிகளும் அங்கேயே கிடந்து அழிந்தன. 1996 இல் திரும்பி வந்து, கதவு யன்னல் இல்லாத அறைகளில் மீண்டும் வகுப்பைத் தொடங்கினார்கள்.

அதற்குப் பின்னான காலம் உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். 2001 ஜனவரியில் பொங்கு தமிழ் என்ற அரசியல் எழுச்சி நிகழ்வு இங்கே தொடங்கியது. 2016 ஜூலையில் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றி எழுந்த பிணக்கு தமிழ், சிங்கள மாணவர் மோதலாக முடிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் இரண்டு மாணவர்கள் கொக்குவில் குளப்பிட்டியில் பொலிசாரின் சூட்டில் இறந்தார்கள். 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாயிலில் உண்ணாவிரதம் இருந்தார்கள், மூன்றாம் நாளே மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆக, அப்பப்பாவிடம் சொல்லுங்கள்: சிறிமாவோ கையெழுத்தும் பணமும் தந்தார், அது இல்லாமல் பட்டம் கொடுக்க முடியாது. மாமாவிடம் சொல்லுங்கள்: இராமநாதன் நிலத்தையும் கட்டடத்தையும் விட்டுச்சென்றார், ஆனால் வட்டுக்கோட்டையை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. புறக்கணித்தவர்களின் பயமும் பொய்யில்லை. அவர்களில் பலருடைய பிள்ளைகளே பிறகு இங்கே படித்துப் பட்டம் பெற்றார்கள், கற்பித்தார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் தொகுதி மாணவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. 1995 இல் தாள்கள் போன பிறகு அந்த முதல் நான்கு ஆண்டுகளின் பெரும்பகுதி அவர்களுடைய நினைவில்தான் இருக்கிறது. கலைப்பீடத்தில் சேர்ந்ததும் உங்கள் துறையின் பழைய மாணவர்களைத் தேடுங்கள். கைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். திறப்பு விழா நாளில் எங்கே நின்றீர்கள், வட்டுக்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் எப்படிப் போய்வந்தீர்கள், சிங்கள மாணவர்களோடு எந்த மொழியில் பேசினீர்கள், 1977 இல் அவர்கள் புறப்பட்ட நாளில் என்ன நடந்தது, எந்த விரிவுரைகளுக்கு இடமில்லாமல் வெளியே நின்று கேட்டீர்கள் என்று கேளுங்கள். பதிவு செய்தவற்றின் ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.